இரண்டு சத்தியப் பிரமாணங்கள்

ஒருமைப்பாடு என்று பேச ஆரம்பித்தாலே அரசுக்கு ஒரு சத்தியம் தேவைப்படுகிறது. 'பிரிக்க மாட்டேன்னு முதல்ல சொல்லு, அப்புறம் மத்ததப் பேசலாம்' என்பதுதான் அதன் சுருதி. தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகளிடம் இப்படி இரண்டு முறை சத்தியம் கேட்டிருக்கிறார்கள். 1963ல் தில்லியில், 1983ல் கொழும்பில். இரண்டு சத்தியங்களின் சாரமும் ஒன்றுதான். விளைவுகளோ நேர் எதிர். இங்கே பிரிவினை கேட்ட கட்சி நாலே வருஷத்தில் கோட்டையில் போய் உட்கார்ந்தது. அங்கே இருபத்தாறு வருஷ யுத்தம், கடைசியில் முள்ளிவாய்க்கால்.

இந்தக் கேள்வியைக் கேளம்பாக்கத்திலிருந்து கேட்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இது பழைய செங்கல்பட்டு மாவட்டம். திராவிட நாடு கேட்ட அண்ணாவின் காஞ்சிபுரம் இந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1965ல் இந்தித் திணிப்பை எதிர்த்து மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்த ஓ.வி. அளகேசன் செங்கல்பட்டுத் தொகுதியின் எம்.பி. பிற்பாடு, ஈழத்திலிருந்து தப்பி வந்தவர்களைச் 'சிறப்பு முகாம்' என்ற பெயரில் அடைத்து வைத்ததும் இதே செங்கல்பட்டில்தான். இரண்டு சத்தியங்களின் விளைவும் ஒரே மாவட்டத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

1949லிருந்து தொடங்க வேண்டும். அந்த வருஷம் செப்டம்பரில் சென்னை ராயபுரத்தில் தி.மு.க. தொடங்கப்பட்டது. டிசம்பரில் கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டது. தி.மு.க. கேட்டது தனிநாடு. செல்வநாயகம் கேட்டது சமஷ்டி, அதாவது ஒரே நாட்டுக்குள் கூட்டாட்சி. பதினாலு வருஷத்தில் தனிநாடு கேட்டவர்கள் மாநில சுயாட்சிக்கு இறங்கி வந்தார்கள். இருபத்தேழு வருஷத்தில் சமஷ்டி கேட்டவர்கள், 1976 மே 14 வட்டுக்கோட்டையில், தனிநாட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்த இடமாற்றத்தைத் தலைவர்களின் குணாதிசயத்தை வைத்து விளக்கிவிட முடியாது.

தில்லி சத்தியத்தின் கதை நமக்குத் தெரிந்ததுதான். 1962 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார். கட்சியோ 15 இடத்திலிருந்து 50 இடத்துக்கு வளர்ந்தது. மே 1 அன்று மாநிலங்களவையில் தன் முதல் பேச்சிலேயே அவர் திராவிடர்க்குச் சுயநிர்ணய உரிமை கேட்டார். அக்டோபரில் சீன யுத்தம் வந்தது. அதைத் தொடர்ந்து அரசியல் சட்டத்தின் 16வது திருத்தம். தேர்தலில் நிற்கிற எவரும் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுத்தாக வேண்டும் என்றது அது. கூடவே பேச்சுரிமைக்கும் ஒரு புதுப் பூட்டு. அண்ணா அதை அவையில் எதிர்த்துப் பேசினார். ஆனாலும் 1963 அக்டோபரில் அது சட்டமானது. நவம்பரில் தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினைக்கான காரணங்கள் அப்படியேதான் இருக்கின்றன என்று அண்ணா சொன்னது இந்தச் சந்தர்ப்பத்தில்தான்.

பொதுப்புத்தியில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. தேசியவாதிகளுக்கு இது சட்டத்தின் வெற்றி. தமிழ்த் தேசியத் தோழர்களுக்கு இது பதவி ஆசையில் செய்த துரோகம். இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன: பிரிவினையை முடித்து வைத்தது அந்த உறுதிமொழிதான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறுதிமொழிக்கு அந்தச் சக்தி இருந்திருந்தால், அதே 1963 டிசம்பரில் தனி மாநிலமான நாகாலாந்தில் துப்பாக்கிச் சத்தம் அப்போதே ஓய்ந்திருக்க வேண்டும். 1973ல் அனந்தபூர் சாகிப் தீர்மானம் போட்ட பஞ்சாப், 1984ஐப் பார்த்திருக்கக் கூடாது. சத்தியம் எல்லோருக்கும் ஒன்றுதான். நடந்தது இடத்துக்கு இடம் வேறு.

இங்கே நடந்தது என்ன? சத்தியம் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, 1965 ஜனவரியில் தமிழ்நாடு பற்றி எரிந்தது. கோடம்பாக்கத்தில் சிவலிங்கமும் விருகம்பாக்கத்தில் அரங்கநாதனும் தீக்குளித்தார்கள். அரசுக் கணக்கிலேயே எழுபது பேர் வரை செத்தார்கள். பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் அளகேசனும் பதவியைத் தூக்கிப் போட்டார்கள். தில்லி பின்வாங்கியது. இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்று சாஸ்திரி வானொலியில் வாக்குக் கொடுத்தார். 1967ல் அது சட்டத் திருத்தமாக வந்தது. அதே வருஷம் தேர்தலில் தி.மு.க. ஜெயித்தது. 1969 ஜனவரி 14ல் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வந்தது.

'பதவி ஆசை' என்று திட்டுகிறோமே, அதைத்தான் நாம் சரியாக யோசிக்கவில்லை. ஆசைப்படுவதற்கு இங்கே ஒரு பதவி இருந்தது. 1956 நவம்பர் 1ல் மொழிவழி மாநிலம் அமைந்த பிறகு, தமிழில் பேசித் தமிழில் ஓட்டு வாங்கி ஒரு ஆட்சியைப் பிடிக்கலாம், கொஞ்சமேனும் அதிகாரம் செலுத்தலாம் என்ற நிலை வந்தது. பிரிவினை கரைந்தது அந்தக் கொஞ்சத்தில்தான்.

அதே 1956ல் கொழும்பு தனிச் சிங்களச் சட்டம் போட்டது. 1957ல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். மறு வருஷமே அது கிழித்தெறியப்பட்டது. 1965ல் டட்லி சேனநாயக்காவுடன் போட்ட ஒப்பந்தமும் காற்றோடு போனது. 1972 அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது. சோல்பரி சட்டத்தில் சிறுபான்மையினருக்கு இருந்த 29வது பிரிவும் காணாமல் போனது. தமிழரசுக் கட்சி வடக்கில் எத்தனை முறை ஜெயித்தாலும் போய் உட்கார ஒரு மாகாண ஆட்சி இல்லை. அதிகாரம் முழுக்க கொழும்பில். 1977ல் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவராகவே ஆனார். என்ன பிரயோஜனம்? 1981ல் யாழ் நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் தமிழர்களை வெட்டியும் எரித்தும் கொன்று இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், ஆகஸ்ட் 8ல், 6வது திருத்தம் வந்தது: தனிநாடு கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய். அடிபட்டவனிடம் போய்ச் சத்தியம் கேட்டார்கள். கூட்டணியின் உறுப்பினர்கள் மறுத்து நாடாளுமன்ற இடங்களை இழந்தார்கள். பேசக்கூடியவர்கள் வெளியே போனார்கள். மிச்சமிருந்தது ஆயுதம்.

தில்லிக்குப் பெருந்தன்மை அதிகம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தியாவில் இந்தி பேசுகிறவர்கள் தனிப் பெரும்பான்மை இல்லை. வங்காளி, தெலுங்கர், மராத்தியர் என்று எல்லோரிடமும் பேரம் பேசினால்தான் ஆட்சி நடத்த முடியும். இலங்கையில் ஒரே பெரும்பான்மை, அது தனியாகவே ஆண்டுவிடலாம். இந்த எண்ணிக்கைதான் தில்லியைப் பேரத்துக்கு இழுத்தது. தேசம் என்பது தினம் தினம் நடக்கிற வாக்கெடுப்பு என்ற பொருளில் எர்னெஸ்ட் ரெனான் 1882ல் பேசினார். வாக்கெடுப்பில் உன் ஓட்டுக்கு மதிப்பிருந்தால்தானே நீ தினமும் போடுவாய்? மதிப்பில்லாத இடத்தில்தான் அரசுக்குச் சத்தியம் தேவைப்படுகிறது. 1963 சத்தியத்தின் வாரிசு எதுவென்று செயல்பாட்டாளர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஒருமைப்பாட்டுச் சொல்லாடலிலிருந்து 1967ல் பிறந்ததுதான் 'ஊபா'.

இதோடு நிறுத்தினால் திராவிட இயக்கத்துக்கு வாழ்த்துமடல் எழுதியதாகிவிடும். தில்லியிடமிருந்து வாங்கிய அதிகாரம் கோட்டையைத் தாண்டி எவ்வளவு தூரம் இறங்கியது? மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வருவதற்கு மூன்று வாரம் முன்னால், 1968 டிசம்பர் 25ல், கீழ்வெண்மணியில் 44 பேரை உயிரோடு எரித்தார்கள். 1996ல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தபோது, தலித்துகளுக்கு ஒதுக்கிய பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்து வருஷம் முறையான தலைவர் ஒருவர் பதவியில் இருக்க விடவில்லை. மேலவளவில் தலைவராகிவிட்ட முருகேசனை 1997ல் வெட்டிக் கொன்றார்கள். ஊர், சேரி என்று பிரித்து வைத்திருக்கிற இந்தப் பிரிவினைக்கு எதிராக எந்தச் சபையில் யாரிடம் உறுதிமொழி வாங்கினார்கள்? தமிழன் என்ற ஒருமையும், அதற்குள் இருக்கிறவர்களுக்கு அதிகாரம் தராதவரை, வெறும் சத்தியம்தான்.

கேளம்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கோவளம் சாலையில் உப்பளங்கள் இருக்கின்றன. அரசியல் சட்டத்தின் 7வது அட்டவணைப்படி உப்பு உற்பத்தியை ஒழுங்குபடுத்துவது மத்திய அரசின் அதிகாரம்; ஒன்றியப் பட்டியலில் 58வது இனம். நிலம் மாநிலப் பட்டியலில். உப்பு வாருகிறவரின் கூலி எந்தப் பட்டியலில் என்று கேட்டால் இரண்டு அரசும் மேலே பார்க்கும். இந்தப் பக்கம் பழைய மாமல்லபுரம் சாலையில் அடுக்குமாடி கட்ட பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு இங்கே ஓட்டு கிடையாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்து ஊருக்கு ரயில் ஏறியவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். 'வடக்கன்' என்று டீக்கடையில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். தில்லி நம்மை எண்ணிக்கையால் அமுக்குகிறது என்கிற நாம், எண்ணிக்கையிலேயே சேராத இந்த மனிதனை என்ன செய்கிறோம்?

எண்ணிக்கைதான் இனி வரும் பிரச்சினையும். மக்கள் தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1976ல் 42வது திருத்தம் மக்களவை இடங்களை 1971 கணக்கில் உறைய வைத்தது. 84வது திருத்தம் அதை 2026க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்புவரை நீட்டியது. 2025 மார்ச்சில் தொகுதி மறுவரையறைக்கு எதிராகச் சென்னையில் பல மாநிலத் தலைவர்கள் கூடினார்கள். ஏப்ரலில் மாநில சுயாட்சி பற்றி ஆராய நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழக அரசு குழு அமைத்தது. 1969ல் அமைத்த ராஜமன்னார் குழுவின் வேலை முடியவில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்?

வடக்கில் இடங்கள் பெருகி, தெற்கின் ஓட்டு இல்லாமலே தில்லியில் எதையும் செய்யலாம் என்ற நிலை வந்தால், இந்தியா எண்ணிக்கை அளவில் இலங்கையாகிறது. பேரம் பேச வேண்டிய அவசியம் தில்லிக்குப் போய்விடும். அன்றைக்கும் நம் எம்.பி.க்கள் 1963ன் உறுதிமொழியை எழுத்துப் பிசகாமல் படிப்பார்கள். அதனால் ஒருமைப்பாடு பத்திரமாக இருக்கிறது என்று யாராவது நினைத்தால், அவர்கள் 1983ஐ ஒரு தரம் படித்துப் பார்க்கட்டும். நாம் கேட்க வேண்டியது கூட்டாட்சி. அதைத் தில்லியிடம் கேட்கிற அதே மூச்சில், மேலவளவின் தலைவர் நாற்காலிக்கும் இந்தத் தகரக் கொட்டகைக்கும் சேர்த்துக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்காத சுயாட்சி, கோட்டையில் இருப்பவர்களுக்கு மட்டுமான சுயாட்சி.