ஹோர்னிலிருந்து சப் வரைக்கும்: நம்மட ஊர் அம்ப்பின் கதை

சாகாமத்திலயோ கல்முனையிலயோ ஒரு விழாவுக்கு அம்ப் தேடினா முதல் கேள்வி "எத்தின வோட்?" எண்டுதான். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது எண்டு பார்ப்போம்.

1915இல் அமெரிக்காவில் ஜென்சனும் பிரிதமும் ஒலிபெருக்கியைக் கூட்டத்துக்கு முன்னால் இயக்கிக் காட்டினார்கள். வால்வு அம்ப்களின் வலு அப்போது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தைத் தூரம் கொண்டுபோகக் கூடியது ஹோர்ன் மட்டும்தான். 1936இல் சிங்கப்பூர் சுல்தான் பள்ளியில் பாங்கு ஒலிபெருக்கியில் ஒலித்தது.

நம்மட கரையிலும் பள்ளி, கோயில் இரண்டுக்கும் ஹோர்ன்தான் பொருந்தியது. சில வோட்டிலேயே பேச்சுக் குரல் தெளிவாகக் கேக்கும். கரண்ட் இல்லாட்டி 12 வோல்ட் பற்றரி போதும். நீண்ட வயரில் வலு வீணாகாமல் இருக்க 100 வோல்ட் லைன் அம்ப் வந்தது. ஆனா ஹோர்னில் பேஸ் இல்ல.

ட்ரான்சிஸ்டர் வந்த பிறகு வோட் மலிவானது. பெட்டி ஸ்பீக்கரும், பிறகு சப்பும் வந்தன. தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றை அசைக்க வேணும், நம்மட காதும் அந்த ஒலிக்கு மந்தம். அதனாலதான் சப்புக்குத் தனி அம்ப். சுமார் 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மட்டும் க்ரொஸ்ஓவர் அதுக்கு அனுப்பும்.

இங்கதான் பலர் ஏமாறுகிறோம். வோட்டை இரட்டிப்பாக்கினா கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வோட் வேணும். ஆகவே பெட்டியில் பெரிசா அடிச்ச பி.எம்.பி.ஓ. எண்ணை விட்டுட்டு, ஆர்.எம்.எஸ். வோட்டைப் பாருங்க. ஓமையும் பாருங்க: இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைப் பக்கத்துப் பக்கமாக இணைத்தா 4 ஓம். அதைத் தாங்காத அம்ப் சூடேறிக் கருகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஹோர்ன் சத்தத்தைச் சுவர் ஓரளவு மறிக்கும், பேஸை மறிக்காது. வெலிகமப் பள்ளி ஒலிபெருக்கி வழக்கில் 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது எண்டது. அது பள்ளி, கோயில், கலியாண வீடு எல்லாருக்கும்தான்.

அன்று, கேக்காத ஆளுக்கும் எப்படிக் கேக்க வைப்பது எண்டு அம்ப் தெரிவு செய்தோம். இன்று வலு தாராளமாக இருக்கு. கேக்க விரும்பாத பக்கத்து வீட்டையும் கணக்கில் எடுத்து, இடத்துக்கு அளவான அம்ப்பை எடுப்பதுதான் நம்மட பொறுப்பு.