நிலையாமை (பௌத்தம்)

நிலையாமை என்பது, காரணங்களால் தோன்றிய எதுவும் மாறாது நிற்பதில்லை என்னும் பௌத்த அடிப்படைக் கொள்கை. பாளி மொழியில் இது ‘அநிச்ச’ எனப்படும். துக்கம், அனான்மம் (ஆன்மா இன்மை) ஆகியவற்றோடு சேர்த்து, இருப்பின் மூன்று இலக்கணங்களுள் ஒன்றாக இதனைப் பௌத்தர் கொள்வர்.

கொள்கை

சாரநாத்தில் ஐந்து துறவியருக்குப் புத்தர் ஆற்றிய இரண்டாம் உரை அனத்தலக்கண சுத்தம். உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என மனிதரை ஆக்கும் ஐந்து கந்தங்களையும் (கூறுகளையும்) ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது நிலையானதா?’ என்று அவர் கேட்கிறார். துறவியர் ‘இல்லை’ என்கின்றனர். மாற்றம் என்பது அழிவு மட்டுமன்று. காரணம் உள்ளவரை விளைவு நிற்கும். காரணம் நீங்கினால் விளைவும் நீங்கும். ஆகவே துயரமும் நிலையற்றதே. பௌத்தத்தின் நான்கு வாய்மைகளுள் மூன்றாவதான துக்க நிவாரணத்துக்கு (துயர் நீக்கத்துக்கு) இடம் தருவது இந்த நிலையாமைதான்.

துயர்க் காலத்தில்

இறந்த குழந்தைக்கு மருந்து கேட்டு வந்த கிசா கோதமியிடம், சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவரச் சொன்னார் புத்தர். சாவத்தி நகரில் கடுகு இல்லாத வீடில்லை. சாவைக் காணாத வீடும் இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கியபோது, இழப்பு தனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை அவள் உணர்ந்தாள்; பின்னர் பிக்குணியானாள்.

உடலின் வலி முதல் அம்பு, அதை எண்ணிப் புலம்பி மனம் தனக்குத்தானே எய்துகொள்வது இரண்டாம் அம்பு என்கிறது சல்லத்த சுத்தம். இரண்டாவதைத் தவிர்ப்பதே பயிற்சி. மூப்பு, நோய், சாவு, பிரிவு ஆகியவற்றை நல்ல காலத்திலேயே நாள்தோறும் நினைத்துப் பார்ப்பதும் இதில் அடங்கும்.

துக்கப்படுவதைப் பௌத்தம் குற்றமாகக் கருதவில்லை. புத்தரின் இறுதிக் காலத்தில் அவருடைய சீடர் ஆனந்தர் கதவு நிலையில் சாய்ந்து அழுதார். புத்தர் அவரை அருகே அழைத்துத் தேற்றி, அவரது நெடுநாள் தொண்டைப் பிறர் முன்னிலையில் பாராட்டினார்.

தமிழில்

பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் சிறைவிடு காதையில், மகன் உதயகுமரனை இழந்த இராசமாதேவியிடம், உடலுக்காக அழுகிறாயா, உயிருக்காக அழுகிறாயா என்று காப்பியத் தலைவி மணிமேகலை கேட்கிறாள். மகனின் உயிர்மீது வைத்த அன்பை எல்லா உயிர்களுக்கும் விரிக்கச் சொல்கிறாள். மற்றொரு பௌத்தக் காப்பியமான குண்டலகேசியில் எஞ்சியுள்ள பாடல்களுள் ஒன்று, குழந்தைப் பருவம், இளமை என ஒவ்வொரு பருவமும் கழிவதையே ஒரு சாவாகக் காட்டுகிறது.

வழக்கில்

இலங்கைச் சிங்கள பௌத்தர் வீடுகளில் இறப்பு நேர்ந்தால், நிலையாமையைக் கூறும் பாளி அடி வெண்ணிறப் பதாகைகளில் எழுதித் தொங்கவிடப்படும். சடங்கின்போது பிக்குகளும் அதை ஓதுவர்.

தாம் மறைந்த குசிநாராவில் புத்தர் இறுதியாகக் கூறியவை இரண்டு செய்திகள்: தோன்றியவை அழியும், சோர்வின்றி முயலுங்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவதை மட்டும் பற்றிக்கொண்டு பௌத்தத்தை விரக்திச் சமயம் என்பது பிழை.