ஆண் மணல் ஈயின் மணம்: ஓர் ஆய்வு வரலாறு

நோய் பரப்பும் பூச்சிகளைப் பற்றிய ஆய்வு வரலாற்றில் பெண் பூச்சியே பெரிதும் இடம்பெற்று வந்துள்ளது. குருதியை உறிஞ்சுவதும் ஒட்டுண்ணியைக் கடத்துவதும் அதுவே ஆதலின் இதில் வியப்பில்லை. ஆயின் மணல் ஈயைப் பொறுத்தவரை, கடிக்காத ஆணின் உடலிலேயே நோய்த் தடுப்புக்கான ஒரு வழி மறைந்திருந்தது என்பதை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஆய்வுகள் புலப்படுத்தின.

மணல் ஈ நுளம்பிலும் சிறியது. அது பரப்பும் நோய்களுள் மிகக் கொடியது காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலாகும். மண்ணீரலையும் ஈரலையும் வீங்கச் செய்யும் இந்நோய், சிகிச்சை பெறாதோரைப் பெரும்பாலும் கொன்றுவிடும். இதன் ஒட்டுண்ணியைப் பற்றி வில்லியம் லீஷ்மனும், சென்னையில் மருத்துவராயிருந்த சார்ள்ஸ் டொனவனும் 1903 இல் தனித்தனியே அறிவித்தனர். மணல் ஈயின் கடியால் அது மனிதரைத் தொற்றுகின்றது என்பதை 1942 இல் சுவாமிநாத், ஷோர்ட், அண்டர்சன் ஆகியோர் இந்தியாவில் நிறுவினர். இம்முயற்சிகள் யாவும் கடிக்கும் பெண்ணையே நோக்கியவை.

1959 இல் ஜேர்மனிய விஞ்ஞானி அடொல்வ் பியூட்டனான்ட், ஏறத்தாழ ஐந்து இலட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து, ஆணை ஈர்க்கும் பெண்ணின் மணப்பொருளைப் பிரித்தெடுத்தார். இத்தகைய பொருள்களைக் குறிக்கப் 'பெரோமோன்' என்னும் சொல் ஆக்கப்பட்டதும் அதே ஆண்டிலாகும். பெண் அழைக்க ஆண் வரும் என்பதே அங்கு கண்ட முறை. மணல் ஈயில் இம்முறை தலைகீழாக அமைந்திருந்தது.

இலத்தீன் அமெரிக்காவில் கருங்காய்ச்சலைப் பரப்பும் முதன்மையான ஈ லூட்சோமையா லோங்கிபல்பிஸ் ஆகும். பிரேசிலின் பாரா மாநிலத்து ஆண் ஈக்களின் வயிற்றின் மேற்புறத்தில் ஒரு வெளிறிய புள்ளியும், செயாரா மாநிலத்து ஆண் ஈக்களில் இரு புள்ளிகளும் காணப்படுவதை 1969 இல் மங்கபெய்ரா எடுத்துக்காட்டினார். வெவ்வேறு வகை ஈக்கள் தம்முட் கலந்து இனம்பெருக்குவதில்லை என்பதை 1983 இல் வார்டும் அவர்தம் குழுவினரும் காட்டினர். 1985 இல் வெளிவந்த ஆய்வொன்று, அப்புள்ளிகளின் கீழே சுரப்பிகள் உள்ளன என்றும், அவற்றிலுள்ள தேர்ப்பீன் வகைப் பொருள்கள் பாலியற் பெரோமோனாகலாம் என்றும் எடுத்துரைத்தது. 1990 களில் ஹமில்ற்றன் முதலியோர் அப்பொருள்களின் அமைப்பைத் துணிந்தபோது, அவை இடத்துக்கிடம் வேறுபடுவது தெளிவாயிற்று. ஓரினம் எனக் கருதப்பட்டது பல இனங்களின் தொகுதியாதல் கூடும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

இக்கண்டுபிடிப்பின் பயன் யாது? மாலை மங்கியதும் ஆண் ஈக்கள் கோழிகள் முதலிய விலங்குகளின்மேற் கூடி மணத்தைப் பரப்புகின்றன. குருதியும் துணையும் நாடிப் பெண் ஈக்கள் அங்கு வருகின்றன. பட்டுப்பூச்சியின் மணம் ஆணையே அழைக்கும். மணல் ஈயின் மணமோ நோய் பரப்பும் பெண்ணையே அழைக்கின்றது. கோழிக்கூடுகளில் நாசினி தெளித்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டாமைக்கும் இதில் விளக்கம் உண்டு. ஆண் ஈக்கள் மடிய, அவற்றின் மணமும் மறைந்துவிடும். அதன்பின் பெண் ஈக்கள் நாசினியுள்ள இடத்தை நாட வேண்டியதில்லை. செயற்கை மணத்தை அங்கு வைத்தால் ஈக்கள் நாசினியை நோக்கியே வரும் என்பதை 2010 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சாவோ பாவுலோ மாநிலத்தில் இம்முறையைப் பயன்படுத்தியபோது நாய்களில் தொற்றுக் குறைந்தமை 2019 இல் அறிவிக்கப்பட்டது. தொற்றுள்ள வளர்ப்பு நாய்களைக் கொல்வதைப் பல்லாண்டுகளாகத் தடுப்பு முறையாகக் கொண்டிருந்த நாட்டில் இதன் பெறுமதி சிறிதன்று.

இலங்கைக்கும் இவ்வரலாறு அந்நியமானதன்று. உள்நாட்டிலேயே தொற்றிய தோல் லீஷ்மேனியா நோய் இங்கு 1992 இல் முதன்முதல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவிற் கருங்காய்ச்சலை விளைக்கும் ஒட்டுண்ணியினமே இங்கு பெரும்பாலும் தோலைப் பாதிக்கின்றது. எனினும் பிரேசிலுக்குள்ளேயே மணம் வேறுபடுமாயின், அங்கு பெற்றதை இங்கு அவ்வாறே பயன்படுத்தலாமெனக் கருதுதல் பொருந்தாது. இலங்கை ஈயை இலங்கையிலேயே ஆராய்தல் வேண்டும். கடிக்காதது எனப் புறக்கணிக்கப்பட்ட ஆண் ஈயையும் அவ்வாய்வு உள்ளடக்குதல் இன்றியமையாதது.