குறைந்த ஒலியும் நிறைந்த பொருளும்: டெற்றொயிற் நகரின் ரெக்னோ இசை

இசை வரலாறு பெரும்பாலும் பாடியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இசைக்கருவி எவரிடம், எவ்விலையில் சென்று சேர்ந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் டெற்றொயிற் நகரில் உருவான ரெக்னோ என்னும் நடன இசையை விளங்கிக்கொள்வதற்கு அவ்வினா இன்றியமையாததாகும்.

மோட்டார் வாகனத் தொழிலால் வளர்ந்த அந்நகரின் சனத்தொகை 1950இல் ஏறத்தாழ 18 இலட்சத்து 50 ஆயிரமாக இருந்தது. 1990இல் 10 இலட்சத்து 28 ஆயிரமாகச் சுருங்கியது. தொழிற்சாலைகளின் இடப்பெயர்ச்சி, வெள்ளையரின் வெளியேற்றம், 1967ஆம் ஆண்டுக் கலவரம் ஆகியன இதற்குக் காரணங்களாயின. நகரின் பெருமையாக விளங்கிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனமும் 1972இல் லொஸ் ஏஞ்சல்சுக்குப் பெயர்ந்தது.

யப்பானின் றோலன்ட் நிறுவனம் 1980இல் ரி.ஆர். 808 என்னும் தாளப்பொறியை வெளியிட்டது. இதன் ஒலி பதிவு செய்யப்பட்டதன்று. மின்சுற்றுக்களில் மின்னழுத்த மாற்றத்தால் பிறப்பிக்கப்படும் அனலொக் ஒலியாகும். 16 படிகளாகப் பகுக்கப்பட்ட தாளவட்டத்தை அமைத்துவிட்டுக் குமிழ்களைத் திருப்பினால், சந்தம் மாறாதிருக்க ஒலியின் சாயல் மாறும். உண்மையான முரசொலியை ஒத்திராமையால் பலர் இதனை விரும்பவில்லை. உற்பத்தி நின்றபின் அது பழைய பொருளாகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. பெருங்கலையகத்தை நாட இயலாத இளைஞருக்கு வீட்டு அறையே கலையகமாயிற்று.

ஹுவான் அற்கின்ஸ் பங்குகொண்ட சைபோற்றோன் குழு 1981இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டது. அவரும் டெரிக் மே, கெவின் சோன்டர்சன் ஆகியோரும் பெல்வில் என்னும் புறநகரிற் கல்வி கற்ற கறுப்பின இளைஞர்கள். 1988இல் பிரித்தானியாவில் வெளியான தொகுப்பு ஒன்றே ரெக்னோ என்னும் பெயரை உலகறியச் செய்தது. பின்னர் ஐரோப்பிய அரங்குகளில் வேகமும் ஆரவாரமும் மிகுந்த வேளையில், றொபேட் ஹூட் 1994இல் 'மினிமல் நேஷன்' என்னும் ஆக்கத்தை வெளியிட்டார். ஒரு முரசு, ஒரு சிறு தொடர், சில இடைவெளிகள் என்பவற்றோடு அவர் அமைதி கண்டார்.

இவ்விசையை வறுமையின் விளைவு என்று மட்டும் கூறுதல் அரையுண்மையே. 1994இல் ஒலிப்பதிவுகளை அடுக்கித்தரும் இலக்கக் கருவிகள் பரவலாகக் கிடைத்தன. ஆகவே ஹூட்டின் சுருக்கம் இல்லாமையால் நேர்ந்ததன்று; தெரிந்து மேற்கொண்ட கட்டுப்பாடாகும். பொறியிசை உணர்ச்சியற்றது என்போர், மாறாத தாளத்தின்மீது நிகழும் மிகச்சிறு மாற்றமும் பெருநிகழ்ச்சியாக உணரப்படுவதைக் கருத்திற் கொள்வதில்லை.

2024இல் ஜேர்மனி, பேர்ளின் நகரின் ரெக்னோ பண்பாட்டைத் தனது தேசிய மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பேர்ளினின் பங்கு மறுக்கற்பாலதன்று. ஆயினும், தேய்ந்துகொண்டிருந்த நகரொன்றிற் பிறர் கைவிட்ட பொறிகளைக் கொண்டு புதிய இசைமொழியை ஆக்கிய கறுப்பின இளைஞரை மறந்து எழுதப்படும் வரலாறு முழுமையானதாகாது.