நெடுநல்வாடை காட்டும் பள்ளியறை

பண்டைத் தமிழர் இல்லங்களைப் பற்றி எழுதுவோர் மாடத்தின் உயரத்தையும் வாயிலின் அகலத்தையும் விரித்துரைப்பர். அம்மக்கள் எவ்வாறு துயின்றனர் என்பதும் வரலாறேயன்றோ? இதற்குச் சான்று தேடுவோர்க்கு, பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை பெருந்துணை புரியும். நக்கீரர் பாடிய இந்நூல் 188 அடிகளை உடையது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1889ஆம் ஆண்டில் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றி நமக்கு அளித்தார்.

பருவத்திற்கேற்பப் பள்ளியை மாற்றுதல் அந்நாளைய வழக்கம். வேனிலில் தென்றல் புகும் மேல்மாடத்தில் துயின்றோர், கூதிர் வந்ததும் அதன் கதவுகளைத் தாழிட்டனர். சுருக்கித் தொங்கவிட்ட விசிறிகளில் சிலந்தி நூல் படர்ந்தது. அகிற்புகை அறைகளை நிறைத்தது.

இனி, அரசியின் பள்ளியறையைக் காண்போம். மன்னனையன்றி ஆடவர் எவரும் அணுகவியலாத இடம் அது. தூண்கள் நீலமணி போல் கருமை வாய்ந்தவை. சுதை வெள்ளியென ஒளிர்வது. செம்பு போன்ற நெடுஞ்சுவரில் பூங்கொடி ஒன்று வரையப்பெற்றிருந்தது. நாற்பது ஆண்டு நிறைந்து போரில் வீழ்ந்த யானையின் தந்தத்தால் வட்டக் கட்டில் அமைந்தது. அதனைச் சூழ முத்துச் சரங்கள் தொங்கின. மெத்தைக்குத் துணையொடு கூடிய அன்னங்களின் தூவியை இட்டனர். கட்டிலின் மேல் விதானத்தில் மேடம் முதலிய இராசிகளையும், திங்களைப் பிரியா உரோகிணியையும் எழுதினர்.

இத்துணை இருந்தும் அரசி துயின்றாளல்லள். அணிகலன் களைந்து கிடந்தவள், திங்களோடு என்றும் உறையும் உரோகிணியின் ஓவியத்தை நோக்கிப் பெருமூச்செறிந்து கண்ணீர் உகுத்தாள். இன்பத்திற்கென்று எழுதிய ஓவியமே துன்பத்திற்குக் காரணமாயிற்று! அவள் தலைவனோ பாசறையில், நள்ளிரவிலும் பள்ளி கொள்ளாது, வாடையில் விளக்குகள் அலைய, புண்பட்ட வீரர்களைக் கண்டு ஆறுதல் கூறிச் சென்றான். அத்தலைவன் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. போரில் மடிந்த யானையின் தந்தத்தின் மீது அவள் கிடந்தாள். போரிடை வீழ்ந்தோர் நடுவே அவன் நடந்தான். இருவர்க்கும் உறக்கமில்லை.

பணியின் பொருட்டு மனைவி மக்களை ஊரில் விடுத்துத் தலைநகரில் ஒற்றை அறையில் வாழும் நம்மவர் பலர். மார்கழி வாடை கதவைத் தட்டும் இரவில் அவர்கள் நெடுநல்வாடையை ஒருமுறை ஓதிப் பார்க்கட்டும். உரை நூலின் உதவியின்றியே அதன் பொருள் அவர்க்கு விளங்கும்.