இணைப்பு உறுப்புகளும் கொலோசஸ் மறுபிறப்பும்

பொறிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் ஆற்றலையும் வேகத்தையும், அவற்றைப் படைத்த அறிஞர்களின் திறனையுமே எடுத்துரைப்பர். பொறியின் ஓர் உறுப்பை மற்றோர் உறுப்போடு பிணைக்கும் சிறு பொருள்களைப் பற்றி எண்ணுவோர் மிகச் சிலரே. 'பிளக்' என்று மக்கள் வழங்கும் செருகியும், அது பொருந்தும் 'சாக்கெட்' என்னும் குழியும், வால்வைத் தாங்கும் அடித்தளமும் அத்தகைய பொருள்களாகும். தேர் எத்துணைப் பெரிதாயினும் அச்சாணி கழன்றால் ஓடாது. அதுபோல, பழைய மின்னணுக் கருவி ஒன்றின் உள்ளுறுப்புகள் யாவும் நலமாக இருந்தும், அதற்குரிய இணைப்பு உறுப்பு கிடைக்காத ஒரே காரணத்தால் அக்கருவி பயனற்றுப் போவதுண்டு. மறைந்துபோன உறுப்புகளைத் தேடும் முயற்சி எதனால் வெற்றி பெறுகிறது, எதனால் தோல்வியுறுகிறது என்பதற்கு இங்கிலாந்தின் கொலோசஸ் என்னும் கணிப்பொறியின் வரலாறு சிறந்த விளக்கமாக அமைகிறது.

உறுப்புகள் மறையும் விதம்

இணைப்பு உறுப்புகள் இரு வகையில் அழிகின்றன. முதலாவது, காலத்தால் நேரும் தேய்வு. செருகியின் உலோகப் பரப்பில் களிம்பு படர்கிறது. குழியினுள் இருக்கும் வில் போன்ற தகடு தன் இறுக்கத்தை இழக்கிறது. பேக்கலைட்டால் ஆகிய பகுதி வெடித்துவிடுகிறது. இரண்டாவது, சந்தையால் நேரும் மறைவு. ஒரு செருகியை வார்க்க அச்சும் கருவிகளும் தேவை. வாங்குவோர் குறைந்ததும் உற்பத்தியாளர் அந்த அச்சைக் கைவிடுகிறார். அதன்பின் ஒருவர் நூறு மடங்கு விலை கொடுக்க முன்வந்தாலும், ஒரே ஒரு செருகிக்காக எந்தத் தொழிற்சாலையும் இயங்குவதில்லை. தேய்வைப் பழுது பார்த்துச் சரிசெய்யலாம். மறைவுக்குத் தேடலே வழி.

எனினும் எல்லா உறுப்புகளும் மறைந்துவிடுவதில்லை. 1870களின் இறுதியில், அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் சந்தாதாரர்களை ஒருவரோடொருவர் இணைப்பதற்குச் சார்லஸ் ஸ்கிரிப்னர் என்னும் பொறியாளர் ஓர் அமைப்பை உருவாக்கினார். மடக்குக் கத்தியை ஒத்திருந்தமையால் அதற்கு 'ஜாக்' என்னும் பெயர் நிலைத்தது. அந்த மரபில் வந்த கால் அங்குலச் செருகியை இன்றும் மின்கிட்டார் வாசிப்போர் பயன்படுத்துகின்றனர். 1935இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் எட்டு முனைகளைக் கொண்ட 'ஆக்டல்' என்னும் வால்வு அடித்தளத்தை அறிமுகம் செய்தது. அதன் நடுவில் அமைந்த வரம்புடைய தண்டு, வால்வைத் தவறான திசையில் செருக இடங்கொடாது. பல நாட்டு உற்பத்தியாளர்களும் இதனை ஏற்றுக்கொண்டனர். வால்வுகளின் காலம் பெரிதும் முடிந்துவிட்ட பின்னரும், தொழிற்சாலைகளில் பயன்படும் ரிலே என்னும் விசைகளுக்காக அவ்வகைத் தாங்கிகள் இன்றும் செய்யப்பட்டு வருகின்றன. பலர் கைக்கொண்ட வடிவம் நீண்ட காலம் வாழ்கிறது. ஒருவர் மட்டுமே கைக்கொண்ட வடிவம் அவரோடு மறைகிறது.

கொலோசசின் தோற்றமும் மறைவும்

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியத் தலைமை, தன் உயர்நிலைச் செய்திகளை லாரன்ஸ் என்னும் மறைகுறிப் பொறியின் வழி அனுப்பியது. அப்பொறியைக் கண்ணால் காணாமலேயே பில் டட் என்னும் கணித அறிஞர் அதன் அமைப்பை உய்த்துணர்ந்தார். ஆயினும், செய்திகளை விரைந்து ஆராய்வது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. இதற்கென ஒரு மின்னணுப் பொறியை அமைக்க முன்வந்தவர், டோலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆய்வு நிலையத்தின் பொறியாளர் டாமி பிளவர்ஸ் ஆவார்.

ஏறத்தாழ 1,600 வால்வுகளைக் கொண்ட ஒரு பொறி பழுதின்றி இயங்கும் என்பதைப் பலர் நம்பவில்லை. வால்வுகள் பெரும்பாலும் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் செலுத்தும்போதே கெடுகின்றன என்பதைப் பிளவர்ஸ் தம் தொலைபேசித் துறைப் பட்டறிவால் அறிந்திருந்தார். ஆதலால் பொறியை நிறுத்தாமல் இயக்குவதே முறை என்று அவர் வலியுறுத்தினார். 1944 சனவரியில் பிளெட்ச்லி பார்க்கிற்குக் கொண்டுவரப்பட்ட கொலோசஸ், பிப்ரவரி 5ஆம் நாள் தன் முதற்பணியைத் தொடங்கியது. காகித நாடாவிலிருந்து நொடிக்கு 5,000 எழுத்துகளை அது படித்தது. ஏறத்தாழ 2,400 வால்வுகளைக் கொண்ட இரண்டாம் வகைப் பொறி, அதே ஆண்டு சூன் முதல் நாள் இயங்கத் தொடங்கியது. போர் முடிவதற்குள் பத்துப் பொறிகள் பணியாற்றின.

பிளவர்ஸ் இப்பொறிக்கென எல்லா உறுப்புகளையும் புதியனவாகப் படைக்கவில்லை. பிரிட்டிஷ் அஞ்சல் துறையே அக்காலத்தில் தொலைபேசிப் பணியையும் நடத்தி வந்தது. அத்துறையின் கிடங்குகளில் இருந்த சட்டங்கள், ரிலேக்கள், விசைகள், செருகிகள் ஆகியவற்றையே அவர் பெரிதும் கையாண்டார். பொறிக்குப் பணிக்கும் கட்டளைகள், தொலைபேசி நிலையத்தில் நிகழ்வது போலவே செருகிகளாலும் விசைகளாலும் அமைக்கப்பட்டன. ஈ.எஃப். 36 என்னும் அதன் வால்வுகளும் ஆக்டல் அடித்தளம் உடையவையே. போர்க்கால அவசரத்தில் கைக்கெட்டிய பொருளைக் கொண்டு வேலையை முடித்த அந்த முறையே, அரை நூற்றாண்டுக்குப் பின்னர் கொலோசசை மீட்கும் திறவுகோலாயிற்று.

போர் முடிந்ததும் எட்டுப் பொறிகள் பிரிக்கப்பட்டன. எஞ்சிய இரண்டும் 1960ஆம் ஆண்டு வாக்கில் அகற்றப்பட்டன. ஆவணங்களை அழிக்குமாறு ஆணை வந்தது. தம் படைப்பின் வரைபடங்களைப் பிளவர்ஸ் தம் கையாலேயே டோலிஸ் ஹில் உலையில் இட்டு எரித்தார். 1970களின் நடுப்பகுதி வரை கொலோசஸ் என்ற ஒன்று இருந்ததையே உலகம் அறியவில்லை. கணிப்பொறி வரலாறு அதுவரை அமெரிக்காவின் எனியாக்கைத் தொடக்கமாகக் கொண்டு எழுதப்பட்டு வந்தது. ஒரு பொறி மறைந்ததோடு, அதைப் படைத்தவரின் புகழும் மறைந்தே கிடந்தது.

தேடலும் மீட்பும்

1993இல் டோனி சேல் என்னும் பொறியாளர் கொலோசசை மீண்டும் அமைக்கும் பணியை மேற்கொண்டார். அவர் கையில் இருந்தவை எட்டுப் போர்க்காலப் புகைப்படங்களும், பொறியாளர்கள் சிலர் ஆணையை மீறிக் காத்து வைத்திருந்த வரைபடத் துண்டுகளுமே. புகைப்படங்களிலிருந்து அளவுகளைக் கணித்து, கணினியின் துணையால் அவர் வரைபடங்களை அமைத்தார். நாடாவைப் படிக்கும் ஒளிக்கருவியை முதலில் வடிவமைத்த ஆர்னல்ட் லிஞ்ச், அதனை மீண்டும் வகுத்துத் தந்தார்.

வரைபடம் கிடைத்தாலும் உறுப்புகள் வேண்டுமே! இங்கேதான் காலம் கைகொடுத்தது. அந்த ஆண்டுகளில் பிரிட்டனின் பழைய தொலைபேசி நிலையங்கள் கழற்றப்பட்டு, எண்முறை நிலையங்கள் நிறுவப்பட்டு வந்தன. ஸ்ட்ரோஜர் என்னும் பழைய வகை நிலையங்களுள் இறுதியானது 1995இல் மூடப்பட்டது. கழிவாகச் செல்லவிருந்த அவ்வுறுப்புகள் கொலோசசின் அங்கங்களாயின. சில ஆண்டுகள் தாழ்த்திருப்பின் அவை உருக்காலைக்குச் சென்றிருக்கும்.

இத்தகைய தேடலுக்கென ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் உறுப்பின்மேல் பொறிக்கப்பட்ட எண்ணைக் காண வேண்டும். எண் இல்லையாயின் முனைகளின் தொகை, தடிமன், இடைவெளி, வரம்பின் அமைப்பு ஆகியவற்றை அளந்து அறிதல் வேண்டும். பின்னர்ப் பழைய இருப்புகளையும், கழித்துவிடப்பட்ட கருவிகளையும் நாட வேண்டும். எங்கும் கிடைக்காவிடின் புதிதாகக் கடைந்துகொள்ளலாம். அல்லது மூல உறுப்பை வெட்டாமல் இடைப்பொருத்தி ஒன்றை அமைக்கலாம். ஒத்த தோற்றத்தை நம்பி ஏமாறுதல் கூடாது. பிரிட்டிஷ் தொலைபேசிச் செருகியும் இசைக்கருவிகளின் செருகியும் கால் அங்குலத் தடிமனே உடையவை. ஆயினும் அவற்றின் நுனிகள் வேறுபட்டவை. ஒன்றிற்குரிய குழியில் மற்றொன்றைத் திணித்தால் உள்ளிருக்கும் தகடு வளைந்து கெடும்.

1996 சூன் 6ஆம் நாள் கென்ட் கோமகன் மறுபடைப்பை இயக்கி வைத்தார். முதிர்ந்த வயதினரான டாமி பிளவர்ஸ் அதனை நேரில் கண்டார். ஈராண்டுகளுக்குப்பின், 1998 அக்டோபரில் அவர் மறைந்தார். உறுப்புகள் கிடைக்காமல் பணி சில ஆண்டுகள் நீண்டிருந்தால், தம் படைப்பு மீண்டும் இயங்கியதை அவர் கண்டிருக்க இயலாது. 2007 நவம்பரில் ஜெர்மனியிலிருந்து வானொலி வழி அனுப்பப்பட்ட லாரன்ஸ் மறைகுறிச் செய்தியை அந்த மறுபடைப்பு விடுவித்தது. அப்போட்டியில் முந்தியது ஒரு புதிய காலக் கணினியே. ஆயினும், மீட்கப்பட்டது வெறும் காட்சிப்பொருள் அன்று, உண்மையாகவே பணிபுரியும் பொறி என்பது உறுதியாயிற்று.

மாறான ஒரு நிகழ்ச்சி

1086இல் எழுதப்பெற்ற டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கேட்டின் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986இல் பி.பி.சி. நிறுவனம் பிரிட்டனின் வாழ்க்கையை ஒளித்தட்டுகளில் பதிவு செய்தது. மாணவர்கள் உட்பட ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் அதில் பங்குகொண்டனர். ஆனால் அத்தட்டுகளைப் படிக்கத் தனிவகைக் கருவி தேவைப்பட்டது. அக்கருவி பரவலாகப் பயன்படவில்லை, விரைவில் அரிதாயிற்று. 2002ஆம் ஆண்டிற்குள், பதிவுகள் படிக்க இயலாமற்போகும் என்ற அச்சம் எழுந்தது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கருவியைப் போலச் செயற்படும் மென்பொருளை உருவாக்கி, அவற்றைப் படிக்க வழிகண்டனர். 900 ஆண்டுப் பழைமையுடைய தோல் ஏடு கண்ணுக்குப் புலனாகிறது. பதினாறே ஆண்டுப் பழைமையுடைய தட்டோ மீட்பரை நாடி நின்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிடின் உண்மை தெளிவாகும். பொதுவழக்கில் இருந்த உறுப்புகளால் ஆனமையாலேயே, ஆவணங்கள் எரிக்கப்பட்ட பின்னரும் கொலோசஸ் மீண்டது. தனிவகைக் கருவியைச் சார்ந்தமையால், அழிக்க எவரும் முயலாத பதிவும் அழிவின் விளிம்பை எட்டியது. அன்றாடப் பயன்பாட்டிலும் இவ்வுண்மை உணரப்பட்டு வருகிறது. கைப்பேசிகளுக்கு ஒரே வகை மின்னேற்றச் செருகி வேண்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் சட்டம் இயற்றி, 2024 இறுதியில் நடைமுறைப்படுத்தியது. கழிவைக் குறைப்பதும் வாங்குவோர் நலம் காப்பதும் அதன் நோக்கங்கள். பிற்காலத்தில் இன்றைய கருவிகளை மீட்க முனைவோர்க்கும் அது துணையாகும்.

பள்ளியில் அறிவியல் வரலாற்றைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள், கண்டுபிடித்தவரின் பெயரோடும் ஆண்டோடும் பாடத்தை நிறுத்திவிடுதல் போதாது. ஒரு கருவி எவற்றால் ஆனது, அது பழுதுபட்டால் மாற்று எங்கே கிடைக்கும் என்னும் வினாக்களையும் மாணவர்கள் கேட்கப் பழக வேண்டும். கிடங்கின் மூலையில் கிடக்கும் பெயரறியாச் செருகி ஒன்றைக் குப்பையில் எறியுமுன், அதன் எண்ணைக் குறித்து வைக்கும் பழக்கமும் வரலாற்றுப் பணியே ஆகும்.