வைவா மேசைக்கு இந்தப் பக்கம்

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

போன எபிசோடுக்கு ஒரு நேயர் அனுப்பியிருந்த கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். "டாக்டர், மருத்துவ மாணவர்களுக்கு நீங்க சொல்லிக்கொடுக்கிறீங்க, சரி. எப்படிச் சொல்லிக்கொடுக்கணும்னு உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க?"

உண்மையைச் சொன்னா, ரொம்ப வருஷம் யாருமே சொல்லித்தரலை. எம்.டி. முடிச்சேன், உதவிப் பேராசிரியரா சேர்ந்தேன், முதல் வாரமே 150 பேர் உட்கார்ந்திருந்த வகுப்புக்குள்ள அனுப்பிட்டாங்க. ஆரம்பப் பள்ளியில பாடம் எடுக்கவே ஆசிரியர் பயிற்சி வேணும். எங்களுக்கு அது வேணும்னு யாருக்கும் தோணலை.

வகுப்பை விடுங்க, தேர்வுதான் மோசம். முதல் தடவை நான் இன்டர்னலா உட்கார்ந்தப்போ ஒரு பையனுக்கு லாங் கேஸா வந்தவர் ஒரு பெரியவர். காது சரியா கேட்காது, பேசவும் தெம்பில்லை. பையன் ஒரு மணி நேரம் அவர்கூட போராடிட்டு வந்து எங்க முன்னாடி திணறினான். அந்த ஒரு மணி நேரம் அவன் என்ன செஞ்சான்னு நாங்க யாருமே பார்க்கலை. நான் மார்க்கை வாய்விட்டுச் சொன்னேன். எக்ஸ்டர்னல் சார், "நானும் அதேதான் நினைச்சேன்"னார். பையன் ஃபெயில். ஆறு மாசம் போச்சு. பக்கத்துப் படுக்கையில தன் நோயோட பெயரைத் தானே சொல்லிட்ட நோயாளி கிடைச்சவன் பாஸ்.

இந்தச் சிக்கல் நம்ம ஊருக்கு மட்டும் உரியதில்லை. இதை முதலில் முறையாகக் கையிலெடுத்தவர்களில் ஒருவர், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜார்ஜ் மில்லர். அவர் கல்வியியல் படித்தவர் இல்லை. நம்மைப் போல வார்டில் ரவுண்ட்ஸ் போன பொது மருத்துவர். 1950களின் நடுவில் அவர் செஞ்சது ஒரு எளிய காரியம். அதே பல்கலைக்கழகத்தில் கல்வியியல் துறை இருக்கே, அவங்ககிட்ட கேட்போமே என்று போனார். கல்வியியலாளர் ஸ்டீபன் ஆப்ரகாம்சன், சமூகவியலாளர் நதானியல் கேன்டர் போன்றவர்கள் சேர்ந்தார்கள். காமன்வெல்த் ஃபண்ட் என்ற அறக்கட்டளை பணம் கொடுத்தது. மருத்துவப் பேராசிரியர்கள் வட்டமாக உட்கார்ந்து, மனுஷன் எப்படிக் கற்றுக்கொள்கிறான், தேர்வு எதை அளக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள்.

எங்க துறைத் தலைவர்கள் சிலரை அந்த வட்டத்தில் உட்கார வைத்துக் கற்பனை பண்ணிப் பார்க்கிறேன். எம்.பி.பி.எஸ். படிக்காத ஒருத்தர் வந்து, "உங்க கேள்வித்தாள் ஞாபகசக்தியை மட்டும்தான் சோதிக்குது"ன்னு சொன்னா? டீ ஆறுறதுக்குள்ள எழுந்து போயிருப்பாங்க. பஃபலோவில் போதுமான பேர் எழுந்து போகாமல் இருந்தார்கள் என்பதே பெரிய விஷயம். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த நூல் 1961இல் வந்தது. அதற்குள் மில்லர் சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரிக்குப் போய், மருத்துவக் கல்வி ஆய்வுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியிருந்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வாளர் வாரியம் தன் படுக்கையோரத் தேர்வையே சோதித்துப் பார்த்தது. ஒரே மாணவருக்கு இரண்டு தேர்வாளர்கள் தனித்தனியாகப் போட்ட மார்க்குகளுக்கு இடையே பெரிதாகத் தொடர்பே இல்லை. 1960களில் வாரியம் அந்தத் தேர்வைக் கைவிட்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. அளக்க முடியலைன்னு நோயாளியையே தேர்வறையிலிருந்து வெளியே அனுப்பிட்டாங்க.

நோயாளியை வைத்துக்கொண்டே இதைச் சரிசெய்யும் வழி ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து வந்தது. ரொனால்ட் ஹார்டனும் அவருடைய சகாக்களும் 1975இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரைதான் இன்று நாம் ஆஸ்கி என்று சொல்லும் தேர்வின் தொடக்கம். ஒரு பெரிய கேஸுக்குப் பதில் பல சின்ன நிலையங்கள். எல்லா மாணவரும் எல்லா நிலையத்துக்கும் போகணும், எல்லாருக்கும் ஒரே வேலை, ஒரே நேரம். செய்முறை நிலையத்தில் தேர்வாளர் செக்லிஸ்ட்டோடு நின்று, மாணவர் என்ன செய்கிறார் என்பதைக் கண்ணால் பார்த்து மார்க் போடணும். கேட்க எளிதாத்தான் இருக்கு. ஆனா அந்தச் செக்லிஸ்ட்டை எழுத உட்கார்ந்தாதான் தெரியும், ஒரு மாணவனிடம் நாம் உண்மையில் எதை எதிர்பார்க்கிறோம் என்பதை அதுவரை யோசித்ததே இல்லை என்று.

சரி, இதெல்லாம் நம்மிடம் எப்படி வந்தது? உலக சுகாதார நிறுவனம் ஆசிரியர் பயிற்சிக்கென்று ஒரு சங்கிலி அமைத்தது. மேல் கண்ணியில் மில்லரின் இலினாய். அடுத்து ஒவ்வொரு பிராந்தியத்துக்கும் மையங்கள். தென்கிழக்காசியப் பிராந்தியத்துக்கு இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகம் அப்படியொரு மையமாக இருந்தது. அதற்கும் கீழே நாடுகளின் மையங்கள். அந்த வரிசையில்தான் 1970களின் நடுவில் புதுச்சேரி ஜிப்மரில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் வந்தது. அங்கே போய் வந்தவர்கள் தங்கள் கல்லூரியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1997இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் விதிமுறை, கல்லூரிகளில் மருத்துவக் கல்விப் பிரிவு வேண்டும் என்றது. பல இடங்களில் அது ரொம்ப நாள் ஒரு பெயர்ப்பலகையும் பூட்டிய அறையுமாகவே இருந்தது. நானே பார்த்திருக்கேன்.

அந்த மாதிரி அறை ஒன்று திறந்திருந்த நாளில்தான் நானும் பயிற்சிக்குப் போனேன். மூணு நாள். பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேணும்னு போனேன், மறைக்கலை. ரெண்டாம் நாள், நடத்தின மேடம் ஒரே விடைத்தாளின் நகலை எங்க எல்லாருக்கும் கொடுத்துத் திருத்தச் சொன்னாங்க. பத்துக்கு எத்தனைன்னு எழுதிக் கவுத்து வைக்கணும், பக்கத்துல இருக்கறவங்ககிட்ட பேசக்கூடாது. அப்புறம் எல்லா மார்க்கையும் கரும்பலகையில எழுதினாங்க. குறைஞ்சது மூணு, அதிகம் எட்டு. மூணு போட்டது நான். எட்டு போட்டது எனக்கே பாடம் எடுத்த சார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். அன்னிக்கு மதியம் சாப்பாடு இறங்கலை. காது கேட்காத அந்தப் பெரியவரும் அந்தப் பையனும்தான் ஞாபகத்துக்கு வந்தாங்க.

அடுத்த பல்கலைக்கழகத் தேர்வுல எக்ஸ்டர்னலா வந்தவர் என்னைவிட ரொம்ப சீனியர். "சார், ரெண்டு பேரும் மார்க்கைத் தனித்தனியா எழுதிட்டு அப்புறம் பேசலாமா?"ன்னு கேட்டேன். "என்னப்பா, எனக்கே பரீட்சையா?"ன்னு சிரிச்சார். ஆனா எழுதினார். முதல் மாணவிக்கே எங்களுக்குள்ள 15 மார்க் வித்தியாசம். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துட்டு, "அந்தப் பொண்ணை இன்னொரு தடவை நோயாளிகிட்ட கூட்டிட்டுப் போவோம். இந்தத் தடவை நாமளும் கூட நிப்போம்"னார்.

அடுத்த எபிசோடில் 1963க்குப் போகிறோம். லாஸ் ஏஞ்சலஸில் ஹோவர்ட் பேரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், நோயே இல்லாத ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி கொடுத்து மாணவர்கள் முன்னால் உட்கார வைத்த கதை. கேள்விகள் இருந்தா அனுப்புங்க.